லாபம் எங்கே போகிறது?

கேள்வி: பட்டு நூல் வளையல் செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். செட் 350 ரூபாய், பொருள் செலவு 90தான். ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லையே?
– ஈரோடு வாசகி

பதில்: மீதி 260-ம் லாபம் என்று நினைப்பதில்தான் சிக்கல். பெட்டி, பபிள் ராப், டேப் 25 ரூபாய், கூரியர் 60, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் பிடித்து அந்தக் கமிஷனுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி போடுவதால் 8 ரூபாய் சொச்சம், எல்லாம் போக 167. அப்புறம் இரண்டு மணி நேரம் நூல் சுற்றுகிறீர்களே, அதற்குக் கூலி? (வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.) மணிக்கு 60 போட்டாலும் மிச்சம் 47தான். கேஷ் ஆன் டெலிவரி பார்சல் ஒன்று திரும்பிவந்தால் போக வர கூரியரும் பெட்டியும் 145, மூன்று ஆர்டர் லாபம் காலி. கூரியர் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்குங்கள், 100 ரூபாயாவது அட்வான்ஸ் வராமல் அனுப்பாதீர்கள்.