பிரெஞ்சில் அசை எங்கே பிரிகிறது?

அகராதியைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக அசை (ஓர் உயிரொலியைச் சுற்றி ஒன்றாக ஒலிக்கும் துண்டு) பிரித்துப் படித்தும், பிரெஞ்சுக்காரர் பேசும்போது ஒன்றும் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொல் முடியும் இடத்திலேயே அசையும் முடியும் என்று நீங்கள் எண்ணுவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு கற்கத் தொடங்கிய ஆண்டில், சொல்வதெழுதும் வகுப்பில் ஆசிரியை 'லெஸான்ஃபான்' என்றார். 'ஸான்ஃபான்' என்றொரு சொல் இருக்கும் என்று நம்பி, வீட்டுக்கு வந்து அகராதியின் கடைசிப் பக்கங்களில், இஸட் எழுத்தின் கீழ், வரிவரியாக விரல் வைத்துத் தேடினேன். உண்மையான சொல் 'ஆன்ஃபான்', அதாவது குழந்தை. அதற்கு முன்வரும் 'லெ' என்னும் பன்மைச் சொல்லின் இறுதியில் ஒலிக்காமல் கிடந்த எஸ், உயிரொலி தொடர்ந்ததும் இஸட் ஒலியாகி அடுத்த அசையின் தலையில் ஏறிக்கொண்டது: லெ-ஸான்-ஃபான். மறுநாள் காரணம் கேட்டபோது, 'கேட்டுக் கேட்டுப் பழகிவிடும்' என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதில் இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. ஏனெனில் விதி இருக்கிறது, அதில் பாதி தமிழிலக்கணம் படித்தவருக்குத் தெரிந்தது.

'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே' என்கிறது நன்னூல்; இங்கே உடல் என்பது மெய்யெழுத்து. 'உடன்' என்னும் பொருளுள்ள 'அவெக்', 'அவள்' என்னும் பொருளுள்ள 'எல்' இரண்டும் சேர்ந்தால், மெய் உயிரோடு ஒன்றி அ-வெ-கெல் என்று பிரியும். இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் எப்போதும் பின்னசைக்கே உரியது. நாம் இடறுவது மெய்ம்மயக்கத்தில், அதாவது இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான்: 'தப்லோ' என்னும் சொல்லை நம் நாக்கு 'தப்-லோ' என்று உடைக்கிறது; பிரெஞ்சிலோ 'ப்ல்' பிரியாமல் 'த-ப்லோ' என்றே வரும்.

அசை என்று நான் சொல்வது நேரசை, நிரையசையை அன்று, யாப்பறிந்தவர்கள் பொறுத்தருள்க. எழுத்தில் வரி முறிக்கும் விதியும் இதுவன்று. சனிக்கிழமையைக் குறிக்கும் சொல்லை எழுத்தில் 'ஸ-ம-தி' என மூன்றாகப் பிரிப்பார்கள். பேச்சில் நடுவிலுள்ள ஈ எழுத்தின் ஒலி மறைந்து 'ஸம்-தி' என இரண்டாகிவிடும்.

ஒரு விலக்கு உண்டு. வீரர் எனப் பொருள்படும் 'எரோ', எழுத்தில் ஹெச்சில் தொடங்குகிறது. அந்த ஹெச் ஒலிக்காவிட்டாலும் முன்சொல்லின் மெய்யைத் தடுத்துவிடும்; எனவே 'லெ எரோ' என்று இடைவிட்டே சொல்ல வேண்டும். சேர்த்து 'லெஸெரோ' என்றால் வீரர்கள் பூஜ்ஜியங்களாகிவிடுவார்கள். எல்லா ஹெச்சும் இப்படித் தடுப்பதில்லை என்பதால், இதற்கு மட்டும் அகராதியையே நம்புங்கள். தடுக்கும் சொற்களுக்கு முன்னால் பெரும்பாலும் உடுக்குறியோ (*) மேற்கோள்குறி போன்ற சிறு கோடோ இட்டிருப்பார்கள்.