ஹைக்கர்களுக்கு இலவசச் சாப்பாடு: உபகாரமா, உபத்திரவமா?

கேள்வி: வடக்கு நியூ ஜெர்சியில், அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற நெடுந்தூர நடைபாதை சாலையைக் கடக்கும் ஓர் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஜூன், ஜூலையில் பெரிய முதுகுப்பையோடு வாடிப்போய் நடந்து வருகிற ஹைக்கர்களைப் பார்க்கும்போது ஏதாவது செய்யத் தோன்றுகிறது. மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு சனிக்கிழமை சமைத்து எடுத்துப்போய்க் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். "அது அவர்களையும் கெடுக்கும், காட்டையும் கெடுக்கும்" என்று நண்பர் ஒருவர் தடுக்கிறார். இது நிஜமாகவே உதவிதானா? உதவி என்றால் எப்படிச் செய்வது?

பதில்: உதவிதான், தாராளமாகச் செய்யுங்கள். உங்கள் நண்பர் சொல்வதிலும் பாதி சரி. நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டால் அதைச் சாப்பிடும் ஹைக்கருக்குக் கெடுதல் வருவது அரிது. கெடுதல் போய்ச் சேருவது வேறு இடங்களில்: மிச்சத்தைத் தின்னப் பழகும் கரடிக்கு, கூட்டம் மிதித்த பாதையோரச் செடிகொடிகளுக்கு, ஒரே பாக்கெட்டில் பத்துப் பேர் கைவிட்டதால் இரண்டு நாள் கழித்து ஷெல்டரில் (ஹைக்கர்கள் இரவு தங்கும் பாதையோரக் கொட்டகையில்) வயிற்றுப்போக்கோடு படுத்துக்கிடக்கும் யாரோ ஒருவருக்கு. இந்த மூன்றையும் தடுத்துவிட்டால் மனசார உபசரிக்கலாம்.

முதலில் பசியைப் பற்றி. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் மார்ச், ஏப்ரலில் கிளம்புகிறவர்கள், மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 2,200 மைல் நடக்க வேண்டும். டெலவேர் ஆற்றைத் தாண்டி உங்கள் மாநிலத்துக்குள் நுழையும்போது ஏறக்குறைய 1,300 மைல் முடிந்திருக்கும். சுமையோடு மலை ஏறி இறங்குவதில் ஒரு நாளைக்கு 4,000 முதல் 6,000 கலோரி செலவாகிறது. சுமந்துபோகும் உலர் உணவில் கிராமுக்கு நாலு, நாலரை கலோரி என்று வைத்துக்கொண்டால், 4,000 கலோரிக்கே ஒரு நாளைக்கு 900 கிராம் ஆகிறது. நாலு நாளுக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல். முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாததால் குறைத்துத்தான் எடுத்துவருகிறார்கள். அந்தக் குறையை ஊருக்குள் இறங்கும்போது வயிறு கொள்ளாமல் சாப்பிட்டு ஈடுகட்டுகிறார்கள். நீங்கள் தரும் ஒரு வேளைச் சாப்பாடு அன்றைய பற்றாக்குறையை அடைக்கும்; மாதக்கணக்கில் இளைத்த உடம்பை மாற்றிவிடாது. அவர் கட்டாடின் போய்ச் சேருவதும் சேராததும் உங்கள் சாப்பாட்டைப் பொறுத்தது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எவ்வளவு கொடுப்பது என்ற பதற்றம் போய்விடும்.

ஆனால் பையில் இல்லாதவை சில உண்டு. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி, பீநட் பட்டர், சாக்லேட் பார் என்று வாரக்கணக்கில் ஓட்டுகிறவருக்குப் பழமும் பச்சைக் காய்கறியும் ஜில்லென்ற எதுவும் கிடைப்பதில்லை. எடையும் கெட்டுப்போவதும்தான் காரணம். இந்த இடத்தில்தான் உங்கள் உதவிக்கு உண்மையான மதிப்பு.

நியூ ஜெர்சிக்கென்று ஒரு நிலவரமும் இருக்கிறது. இங்கே ட்ரெயில் 72 மைல் நீளம்தான். சாலைகள் அடிக்கடி குறுக்கிடுகின்றன. நடந்தோ லிஃப்ட் கேட்டோ போகும் தூரத்தில் டெலி என்கிற சாண்ட்விச் கடையும் பிட்சா கடையும் கிடைக்கும். சூடான சாப்பாட்டுக்கு இந்தப் பகுதியில் பெரிய பஞ்சமில்லை. பஞ்சம் தண்ணீருக்கு. கிட்டட்டினி மலைமுகட்டில் ஜூலை வெயிலில் ஊற்றுகள் வற்றிப்போகும்; டெலவேர் ஆற்றிலிருந்து 206ஆம் எண் நெடுஞ்சாலை குறுக்கிடும் கல்வர்ஸ் கேப் வரை சுமார் 28 மைல். அங்கிருந்து 23ஆம் எண் சாலையோர ஹை பாயின்ட் பூங்கா அலுவலகம் வரை இன்னொரு 14 மைல். ஆகவே அண்டா அண்டாவாகச் சமைப்பதைவிடக் குளிர்ந்த தண்ணீரும் பழமும் உப்புச் சேர்ந்த நொறுக்குத்தீனியும்தான் இந்த இடத்துக்குப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. சமைத்தே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரே ஒரு வகை போதும். அதற்கான கட்டுப்பாட்டைப் பிறகு சொல்கிறோம்.

இப்போது கரடி. நியூ ஜெர்சியின் 21 கவுன்ட்டிகளிலும் கருங்கரடி தென்பட்டிருக்கிறது. அவை மிகுதியாக இருப்பது ட்ரெயில் போகும் வடமேற்கு மூலையில்தான். வேண்டுமென்றே கரடிக்கு உணவிடுவது இங்கே குற்றம், 1,000 டாலர் வரை அபராதம். நீங்கள் கரடிக்கு ஊட்டப்போவதில்லை, சரி. ஆனால் "எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி ஒரு ஐஸ் பெட்டியை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தால் நடப்பது அதுதான். முதல் நாள் ஹைக்கர்கள் குடித்துவிட்டுக் காலி கேனை அதிலேயே போடுவார்கள். கூடவே தங்கள் பையிலிருந்த குப்பையையும் திணிப்பார்கள், பெட்டியை வைத்தவர் வந்து எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில். ராத்திரி ராக்கூனோ கரடியோ மூடியைப் பிய்த்துப் போடும். மனிதர் வரும் இடத்தில் தீனி உண்டு என்று ஒருமுறை கற்றுக்கொண்ட கரடி அடுத்து ஷெல்டருக்கும் கூடாரத்துக்கும் வரும். அப்படித் துணிந்த கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள். அதனால் இந்தப் பாதையைப் பராமரிக்கும் அமைப்பான அப்பலாச்சியன் ட்ரெயில் கன்சர்வன்சி, ட்ரெயில் மேஜிக் (ஹைக்கர்களுக்கு இப்படி இலவசமாகச் செய்யும் உபசாரம்) செய்கிறவர்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் எங்களைக் கேட்டால் முதன்மையானது இது: உணவோ பானமோ கொடுத்தால் அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும். நீங்கள் கிளம்பும்போது எல்லாம் உங்களோடு கிளம்ப வேண்டும். வெறும் தண்ணீர்க் கேன்தானே என்று விட்டுவருவதும் நல்லதில்லை. அதை நம்பி ஊற்றில் நிரப்பாமல் வருகிறவர், கேன் காலியாக இருந்தால் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

இடம், அனுமதி பற்றிச் சுருக்கமாக. ட்ரெயிலுக்குள் போகாதீர்கள், சாலையோர வாகன நிறுத்தத்தில், தார் அல்லது ஜல்லி போட்ட தரையில் வையுங்கள். அந்த நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். டெலவேர் வாட்டர் கேப் பகுதி தேசியப் பூங்காத் துறையின் கீழ் வருகிறது. வொர்த்திங்டன், ஸ்டோக்ஸ், ஹை பாயின்ட், வாவயாண்டா ஆகிய காடுகளும் பூங்காக்களும் மாநிலத்தின் கீழ். இரண்டு வாரம் முன்பே அந்த அலுவலகத்துக்கு ஃபோன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: இத்தனை பேருக்கு இலவசமாக உணவு கொடுக்க பெர்மிட் வேண்டுமா, கேஸ் அடுப்பு பற்றவைக்கலாமா, எத்தனை வாகனம் நிறுத்தலாம். விறகடுப்பு யோசனையே வேண்டாம். நியூ ஜெர்சியில் ட்ரெயில் நெடுக நெருப்பு மூட்டத் தடை இருக்கிறது. உண்டியல் வைக்காதீர்கள், நன்கொடை கேட்டாலே அது வேறு வகை நிகழ்ச்சியாகிவிடும். பீர் வேண்டாம். 21 வயது ஆகாதவர்கள் வருவார்கள். குடியை விட்டொழிப்பதற்காகவே நடக்கிறவர்களும் வருவார்கள்.

அடுத்தது, பலரும் கோட்டை விடுகிற விஷயம்: கை.

நோரோவைரஸ் ஹைக்கர்களிடையே அவ்வப்போது பரவும் வயிற்றுத் தொற்று. 2022இல் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து நெடும்பாதையான பசிஃபிக் கிரஸ்ட் ட்ரெயிலின் வாஷிங்டன் மாநிலப் பகுதியில் நடந்தவர்கள் பலர் இந்த மாதிரியான வாந்தி, வயிற்றுப்போக்கால் விழுந்தார்கள். மிகச் சில வைரஸ் துகள்களே நோயைக் கொடுக்கப் போதும். எல்லார் பையிலும் தொங்கும் ஆல்கஹால் சானிடைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வழி. காட்டில் பல நாளாகச் சோப்பைத் தொடாத கை உங்கள் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் போனால், அன்று அந்தப் பாக்கெட்டில் கைவிட்ட எல்லோருக்கும் அது போகும்.

ஆகவே சாப்பாட்டு மேசைக்கு முன்னால், தாண்டிப் போக முடியாத மாதிரி, கை கழுவும் இடம் வரட்டும். குழாய் வைத்த 5 காலன் தண்ணீர்க் கேன், கீழே ஒரு வாளி, பம்ப் சோப், பேப்பர் டவல். குழாய் திறந்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும் வகையாக இருக்கட்டும். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் குழாயில் இரண்டு கையையும் தேய்க்க முடியாது. வாளியில் சேரும் சோப்புத் தண்ணீரை ஓடையில் கொட்டாமல் வீட்டுக்கு எடுத்துப்போங்கள். மேசையில் எதையும் அவர்களே கைவிட்டு எடுக்க விடாதீர்கள். உங்களில் ஒருவர் கையுறை போட்டு இடுக்கியால் எடுத்துக் கொடுக்கட்டும். சிப்ஸ், கடலை வகைகளைப் பாக்கெட்டிலிருந்து சின்னக் கோப்பையில் சரித்துக் கொடுங்கள். பழக்கப்பட்ட ஹைக்கர்கள் தங்களுக்குள் பகிரும்போதும் பாக்கெட்டை நீட்டமாட்டார்கள், அடுத்தவர் உள்ளங்கையில் கொட்டுவார்கள். அவர்கள் பாட்டில் வாய் உங்கள் கேன் குழாயில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரல்கடை மேலே இருந்து தண்ணீர் விழட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அவர் சமையலையும் பரிமாறுவதையும் தொடக் கூடாது.

வெப்பநிலைக் கணக்கு எளிது. குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேலே. இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். இதில் சோறு மோசமான ஆசாமி. வேகும்போது சாகாமல் தப்பும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு சுடவைத்தாலும் அந்த நச்சு முழுதாகப் போகாது. காலையில் வடித்து டப்பாவில் அடைத்து மதியம் வரை கொடுக்கும் திட்டத்தை அதனால்தான் கைவிடச் சொல்கிறோம். பீன்ஸ், சீஸ், லெட்டூஸ், தக்காளி வைத்த டார்ட்டியா சுருள்களை ஐஸில் வைத்து, கேட்கக் கேட்க எடுத்துக் கொடுப்பது எளிது. சீஸ் இல்லாமல் சிலவற்றைத் தனியாகக் கட்டுங்கள். வேர்க்கடலை சேர்ந்த எதையும் தனி மேசையில், பெயர் எழுதி வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? காலை 10 முதல் மாலை 4 வரை 25 பேர் என்று திட்டமிடுங்கள். ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்து போவார்கள். குடிக்கவும் பாட்டில் நிரப்பவும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஆக மொத்தம் 50 லிட்டர்: 5 காலன் கேன் மூன்று. கை கழுவும் கேன் இதில் சேராது. ஐஸ் 10 கிலோ, பானங்களுக்கு ஒரு பெட்டி, உணவுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக. பானப் பெட்டி திறந்து திறந்து மூடப்படும், உணவு அதில் இருந்தால் சூடேறிவிடும். வாழைப்பழம் 40, ஆரஞ்சு 30, தர்பூசணி இரண்டு. தர்பூசணியை மொத்தமாக வெட்டிவைக்காமல் கால் கால் பாகமாக வெட்டுங்கள், வெட்டியதற்கும் மேலே சொன்ன கணக்கு உண்டு. சுருள் 30, உப்பு சிப்ஸ் பெரிய பாக்கெட் ஐந்தாறு, சோடா கேன் 40. தடித்த குப்பைப் பை நாலு. மடக்கு நாற்காலி ஆறு. கல்லிலும் கட்டையிலும் உட்கார்ந்தே வந்தவருக்கு முதுகு சாய்ந்து உட்காரும் பத்து நிமிஷம் சாப்பாட்டுக்குச் சமம். ஃபோன் சார்ஜ் ஏற்ற பவர் பேங்க் இரண்டு இருந்தால் நல்லது.

எடுத்துப்போகச் சொல்லி டப்பா உணவைத் திணிக்காதீர்கள். அடுத்த ஊர் வரை கணக்குப் பார்த்து எடை வைத்து நடக்கிறவருக்கு அரைக் கிலோ கூடுதல் சுமை தொந்தரவு. மரியாதைக்காக வாங்கிக்கொண்டு அடுத்த ஷெல்டரில் விட்டுப்போவார். அது எலிக்குப் போகும். அவர்களிடமிருந்து குப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாள் குப்பையைச் சுமந்து வருகிறவருக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

பேச்சில் ஒரு எச்சரிக்கை. தனியாக நடக்கும் பெண்ணிடம் "இன்றைக்கு ராத்திரி எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். நல்லெண்ணத்தில் கேட்டாலும் அவருக்கு அது கலவரம். ட்ரெயில் பெயர் (பாதையில் வைத்துக்கொள்ளும் பட்டப்பெயர்) சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிஜப் பெயரைத் துருவ வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். நிற்காமல் போகிறவரை விட்டுவிடுங்கள். ஒரு நாள் நடைக்கு வந்தவர் கைநீட்டினாலும் கொடுங்கள். முழுப் பாதை நடப்பவருக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள். பாதையில் அறிவிப்பு ஒட்டுவதும் முன்கூட்டியே இணையத்தில் இடம் சொல்வதும் வேண்டாம். கூட்டம் அங்கேயே தங்கிவிடும், கூடாரமும் அடிக்கும்.

மூன்று குடும்பத்தில் ஒரு கார் ஓய்வாக இருந்தால், ஹைக்கர்களைக் கல்வர்ஸ் கேப்பிலிருந்து பக்கத்து ஊரான பிரான்ச்வில்லுக்கு அழைத்துப்போய் வருவது சமையலைவிடப் பெரிய உதவி. காரில் நீங்கள் இரண்டு பேராக இருங்கள், இருக்கையில் பழைய துண்டு விரியுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏறிய அதே இடத்தில் இறக்கிவிடுங்கள். முழுப் பாதையையும் நடக்கிறவர்களில் பலருக்கு இடையில் நூறு அடி விடுபட்டாலும் மனசு ஒப்பாது.

இந்த ஜூன், ஜூலை தவறிப்போனால் கவலை வேண்டாம். ஜூனில் மெயினில் தொடங்கித் தெற்கே நடக்கிறவர்கள் செப்டம்பர், அக்டோபரில் உங்கள் பக்கம் வருவார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு, அவர்களுக்காகக் காத்திருந்து உபசரிக்கிறவர்களும் குறைவு. அப்போது மேசையெல்லாம் தேவையில்லை. ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கூடைப் பழம், கை கழுவத் தண்ணீர், நாலு நாற்காலி, குளிர் தொடங்கியிருந்தால் ஃப்ளாஸ்க்கில் சூடாக ஏதாவது. ஒரு குடும்பமே சமாளித்துவிடலாம்.