சீனி கேட்கப் போங்கள்

கேள்வி: நான் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லைனில் ஓர் அக்காவை அவர் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து தட்டிக்கேட்க நினைக்கிறோம். "போலீசுக்குப் போனால் கியூ பிரிவு (உளவுப் போலீஸ்) வரும், உதவித்தொகை நின்றுவிடும், அகதிக்கு இந்தியச் சட்டம் கிடையாது" என்று ஆண்கள் மிரட்டுகிறார்கள். உண்மையா?
- பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

பதில்: தங்கச்சி, இந்த மூன்று மிரட்டலும் எனக்குப் பழையவை. 1990-இல் தலைமன்னாரில் படகேறி, மண்டபம் முகாமில் பதிந்து, பாதி வாழ்க்கையை முகாம்களில் கழித்தவள் நான்.

முதலில் சட்டம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்கிறது 27-ஆவது பிரிவு. 'தற்காலிகம்' என்ற சொல்லை இத்தனை வருஷமாகச் சுமக்கிறோம், ஒரு தடவையாவது அது நமக்கு உதவட்டும்.

மனுப் போட்டதுமே ஆளைச் சிறையில் தள்ளிவிட மாட்டார்கள். அடிக்கக்கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை. இதை அந்த அக்காவிடம் சொல்லுங்கள். கணவர் உள்ளே போனால் பெயின்ட் வேலைக் கூலி போய்விடுமே என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. உதவித்தொகையை நிறுத்தச் சொல்லும் வரியும் அந்தச் சட்டத்தில் கிடையாது. 2021-இல் உயர்த்தியபோது குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்குப் போட்டார்கள். அந்த ஆயிரம் அவள் தலைக்கென்று வருவது, அவர் போடும் பிச்சை இல்லை. கியூ பிரிவு வருவது நாம் முகாமில் இருக்கிறோமா என்று பார்க்க. புருஷன் பெண்டாட்டி அடிதடிக்கு மகளிர் காவல் நிலையம் இருக்கிறது.

சரி, தட்டிக்கேட்கும் யோசனைக்கு வருகிறேன். அது வேண்டாம். எங்கள் முகாமிலும் ஒருத்தன் குடித்துவிட்டு மனைவியை அடித்தான். நாங்களும் முதலில் கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டோம். எங்கள் முன்னால் தலையைக் குனிந்து நின்றான். நாங்கள் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கும் சேர்த்து அடித்தான். அப்புறம் பெரியவர்கள் பஞ்சாயத்து வைத்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அந்தத் தாள் ரெண்டு வாரம் தாங்கியது.

அவனுக்குச் சனிக்கிழமைதான் கூலி, அன்று ராத்திரிதான் அடி. இதைக் கவனித்தது எங்களில் ஒரு கிழவி. ஞாயிறு காலையில் நடந்த சங்கக் கூட்டத்தைச் சனி இரவு ஏழரைக்கு மாற்றி, அந்த வீட்டு வாசலிலேயே பாய் விரித்தோம். சேமிப்பு நோட்டு, கடன் கணக்கு, வீண் கதை என்று பத்தரை மணிவரை இழுத்தோம். மற்ற நாளில் குரல் உயர்ந்தால் ஒருத்தி போய்க் கதவைத் தட்டி, "கொஞ்சம் சீனி தாங்கோ" என்பாள். அவள் போனதும் அடுத்தவள் போவாள், தீப்பெட்டிக்கு. ஒரே சுவர் நடுவில் இருக்கிற லைன் வீட்டில் இது நடக்கும், பங்களாவில் நடக்காது! அவன் திருந்தினான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. நாலாவது மாதம் தானே கிளம்பி, "மனுப் போடக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றாள். அந்த முடிவு அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் ஐந்து பேரும் உங்கள் அக்காவுக்காக மனு எழுதிவிடாதீர்கள்.

அவள் கேட்கும்போது மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வக்கீலுக்குச் செலவில்லை, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள். ராத்திரியில் நிலைமை முற்றினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள்.

இன்னொன்று. அவளுடைய முகாம் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்களில் ஒருத்தி வீட்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது.