வாக்குத்தத்த அட்டையில் வீடு, பட்டியலில் பெயர் இல்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 36 வயது, கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை. மாதம் ஒருதரம்தான் வருவார். மாமியார், இரண்டு பிள்ளைகள், நான், எல்லாருக்கும் ஒரே காம்பரா.

போன டிசம்பர் 31ஆம் இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேத வசனமாகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்தது ஏசாயா 65:21. “வீடுகளைக் கட்டி, அவைகளில் குடியிருப்பார்கள்.” அடுத்த மாதமே ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கொடுக்கப் பெயர் எடுத்தார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஒரு ஊழியர், “வருஷம் முடியுமுன் சாவி உன் கையில். விசுவாசமாக விதை” என்றார். இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை கொடுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. பட்டியல் வந்தது. எங்கள் பெயர் இல்லை.

இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே இல்லை. ஜெபித்தது கிடைத்தது என்று மற்றவர்கள் சொல்லும் சாட்சிகளைப் போனில் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். ஜெபிக்க வாய் வருவதில்லை. என் விசுவாசம் பத்தவில்லையா? இல்லை, கர்த்தர் சொன்னதே நடக்காதா?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒரே வாக்காக நினைத்திருப்பதில் மூன்று கலந்திருக்கின்றன. வசனம் ஏசாயாவுடையது. “வருஷம் முடியுமுன்” என்ற கெடு ஊழியர் வைத்தது. விதைத்தால்தான் கிடைக்கும் என்ற விலையும் அவர் வைத்ததே. இதுவரை பொய்த்தது அந்தக் கெடுவும் விலையும். அதற்கு உங்கள் விசுவாசத்தைக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

ஏசாயா 65ஐ 17ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். புதிய வானம், புதிய பூமி என்று தொடங்குகிறது. கர்த்தர் எல்லாவற்றையும் புதிதாக்கும் காலத்தைப் பற்றிய பேச்சு அது. ஒருவர் கட்டியதில் வேறொருவர் குடியிருக்கும் நிலை இனி இல்லை என்று 22ஆம் வசனம் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காணியில் இருந்த நம் சனத்துக்கு அது நெஞ்சில் பாய்வதில் ஆச்சரியமில்லை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்தப் பட்டியலில் என்று அதில் இல்லை. விலையைப் பற்றிக் கேட்டால், அதே ஏசாயா 55:1இல் “பணமுமின்றி விலையுமின்றி” என்றே கர்த்தர் அழைக்கிறார்.

கெடு வைப்பது பழைய வியாதி. எரேமியா 28இல் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனின் நுகம் இரண்டு வருஷத்தில் முறியும் என்றான். எரேமியாவும் முதலில் “ஆமென்” என்றுதான் சொன்னார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் (அதிகாரம் 29) எழுபது வருஷம் என்று இருக்கிறது. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் 11ஆம் வசனம் எல்லா அட்டையிலும் வரும். எழுபது வருஷம் சொல்லும் 10ஆம் வசனத்தை அட்டை அச்சிடுகிறவர்கள் ஏனோ தொடுவதில்லை. அந்தக் கடிதத்தின் முதல் கட்டளையே, இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்பதுதான். இரண்டு வருஷத்தை நம்பியவன் மூட்டை கட்டி உட்கார்ந்திருப்பான், விதை போடமாட்டான். கெடு தாண்டினால் அவனுக்குக் கையிலும் ஒன்றுமில்லை, மனதிலும் ஒன்றுமில்லை. நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில்.

எரேமியா 32ஐயும் பாருங்கள். எருசலேம் முற்றுகையில் இருக்கிறது, அவரே காவலில் இருக்கிறார். “இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள்” என்ற வாக்கை நம்பி அவர் செய்தது என்ன? 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து வயலை வாங்கினார். சாட்சி வைத்தார். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னார். வாக்கை நம்பியவர் பத்திர வேலையில் ஒன்றைக்கூட விடவில்லை.

நீங்களும் பத்திர வேலையைச் செய்யுங்கள். பெயர் ஏன் விடுபட்டது, எந்த அளவுகோலில் தெரிவு செய்தார்கள் என்று பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்டுவிட்டுத் திரும்புவதில்தான் பலருடைய விஷயம் அமுங்கிப்போகிறது. ஆகவே ஒப்புகைக் கடிதம் வாங்காமல் வரவேண்டாம். குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கிராம சேவகரின் சான்று, எல்லாவற்றின் பிரதியும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இனி ராத்திரி. சாட்சி கேட்பது ஆறுதல் போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு சாட்சி முடியும்போதும் “எனக்கு மட்டும் ஏன் இல்லை” என்ற கேள்விதான் மிஞ்சும். அந்தக் கேள்வியோடு எவருக்கும் தூக்கம் வராது. போனை அலமாரியில் வையுங்கள். பிளேன்டீயை மத்தியானம் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். தேயிலையின் கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். விழித்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் படுங்கள். ராத்திரி எப்படிக் கழிந்தாலும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு எழும் நேரம் மாறக்கூடாது. பகல் தூக்கம் வேண்டாம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பதினைந்து நிமிஷம் ஒதுக்கி, கவலைகளைக் கொப்பியில் எழுதுங்கள். இடப்பக்கம் நீங்கள் செய்யக்கூடியது: கடிதம், வட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதது. ராத்திரி ஒரு கவலை வந்தால் “அது கொப்பியில் இருக்கிறது” என்று விட்டுவிடலாம். முதல் வாரம் சரிவராது, இரண்டாம் வாரத்தில்தான் பிடிபடும்.

ஜெபிக்க வாய் வராத நாளில் சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் “எதுவரைக்கும்” என்று நான்குமுறை கேட்கிறார் தாவீது. சங்கீதம் 88 கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. சந்தேகத்தைக் கர்த்தரிடமே சொல்வது அவிசுவாசம் அல்ல.

தூக்கமின்மையோடு பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காசு இல்லை. செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் ஏசாயா 38ஐக் காட்டுங்கள். எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷ ஆயுசு வாக்குக் கொடுத்த பிறகும், பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா.

சங்கிலி விஷயம் தள்ளிப்போடக்கூடாது. அடகுச் சீட்டில் தவணைத் தேதியைப் பாருங்கள். அதற்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். இனி “விதைப்பு” கேட்டால், வீட்டுக்காரரோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பதே உங்கள் பதில். அவரிடம் சொல்வதை வந்திறங்கிய ராத்திரி, மாமியார் காதுபட ஒரே காம்பராவில் வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் டவுனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நடக்கும்போது சீட்டை எடுத்துக் கையில் கொடுத்து, தொகையைக் குறைக்காமல் சொல்லுங்கள். கோபப்படுவார், அந்த நேரத்தில் ஊழியரை இழுத்துப் பேச வேண்டாம். வட்டி கட்டும் தேதியை இரண்டு பேருமாகக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.