கேள்வி-பதில்: டச்சு எட்சிங் (செப்புத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை தடவித் தாளில் அச்சிடும் படம்) வாங்குகிறவர்களுக்கு

கே: டச்சு ஓவியர் அட்ரியான் வான் ஓஸ்டாடேயின் உழவர் குடும்ப எட்சிங் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ரசீதில் 'அசல் தகட்டில் அச்சிட்டது' என்று இருக்கிறது. ஆனால் கோடுகள் மங்கல். ஏமாந்துவிட்டேனா?

ப: ஓவியர் காலத்து அச்சுக்கான விலையை வாங்கியிருந்தால், உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மேல் தப்பில்லை. 'அசல் தகடு' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு ஆத்திரம் வரும். ஓஸ்டாடே 1685-இல் இறந்தார்; அவருடைய செப்புத் தகடுகள் கைமாறி அடுத்த நூற்றாண்டிலும் அச்சேறின. இன்னொரு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இறந்தது 1669-இல். அவர் தகடுகளில் சிலவற்றை 1906-இல்கூட பாரிஸில் அச்சிட்டார்கள். செம்பு மெத்தென்ற உலோகம். மை தடவி, துடைத்து, உருளையில் கொடுத்து அழுத்த அழுத்தத் தேயும். முகத்து நிழல், கூரையடி இருட்டு போன்ற நுண்ணிய கீறல்கள்தான் முதலில் போகும். அப்புறம் தேய்ந்த இடத்தை வேறு யாராவது கீறிச் சரிசெய்வார்கள். அதுவும் 'அசல் தகடு'தான்! இந்தத் தாள் எப்போது அச்சானது என்று கேளுங்கள், பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஓவியர் காலத்தது என்று சொல்லி விற்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், விடாதீர்கள்.

கே: தாள் மஞ்சளாக இருந்தால் பழையதுதானே?

ப: தேயிலைத் தண்ணீரில் நனைத்தாலும் மஞ்சள் வரும்.

கே: ஆற்றுப் படகுப் படம். இணையத்தில் ஒரே புகைப்படம் பார்த்து வாங்கினேன். பின்பக்கம் முழுக்க ஒட்டுநாடா...

ப: பணம் கட்டும் முன் பின்பக்கப் படத்தைக் கேட்க ஒரு நிமிடம் ஆகுமா? எத்தனை முறை எழுதுவது!

கே: ஃபிரேமைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிறார் கடைக்காரர்.

ப: வாங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுச் சந்தையில் வலை இழுக்கும் மீனவர் படத்தை 180 யூரோவுக்கு நான் அப்படித்தான் வாங்கினேன். அச்சிடும்போது தகட்டு விளிம்பு தாளில் பதிக்கும் பள்ளம் கண்ணாடி வழியே தெரிந்தது, நம்பிவிட்டேன். வீட்டில் கழற்றி லென்ஸ் வைத்தால் எல்லாம் புள்ளி புள்ளி. இயந்திர அச்சு, பள்ளத்தைத் தனியாக அழுத்தியிருந்தார்கள். நிஜ எட்சிங்கில் கோட்டு மை தாளின் மேல் சற்றே மேடாக நிற்கும். சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

கே: டச்சுக் கலைஞர் யான் லாய்கனின் தொழிலாளர் படங்களில் ஒற்றைத் தாள் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: அது 1694-இல் வந்த புத்தகம், நூறு தொழில்கள். ஒற்றைத் தாள் என்றால் பெரும்பாலும் ஒரு புத்தகத்தைப் பிரித்திருக்கிறார்கள். நான் வாங்க மாட்டேன்.

கே: சுவரில் மாட்ட மட்டும் ரெம்பிராண்டின் 'ஓம்வால்' வேண்டும்.

ப: செலவே வேண்டாம். ஆம்ஸ்டல் ஆற்றங்கரையைக் காட்டும் 1645-ஆம் ஆண்டுப் படம் அது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் அதன் பெரிய கோப்பு இலவசமாகவே கிடைக்கும். அச்சிடும் முன் இடதுபக்கப் புதரைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இருட்டுக்குள் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருக்கும்.