வேலையை விட்டபின் ஓராண்டு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். செல்லுமா?

காரைக்குடி வீட்டிலிருந்தே பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். விலகிய பிறகு அந்த ஷரத்து உங்களைக் கட்டாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கிற அளவுக்குச் செல்லாது. ஆறு மாதம்தானே, ஒரு ஊருக்குத்தானே என்ற வாதம் இங்கே எடுபடாது. அந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு: தொழிலை நற்பெயரோடு விற்பது. காரைக்குடியில் பேர்பெற்ற பலகாரக் கடையைப் பெயரோடு விற்றவர் அதே வட்டாரத்தில் மறுபடி அதே கடை போடக்கூடாதென்று வாங்கியவர் எழுதி வாங்கலாம். மாதச் சம்பளக்காரர் அப்படி எதையும் விற்கவில்லை.

ஆனால் வேலையில் இருக்கும்வரை தடை செல்லும். 1967இல் உச்ச நீதிமன்றம் கோலிகாரி வழக்கில் சொன்னது இதைத்தான். நோட்டீஸ் காலமும் அதில் அடக்கம். ரிலீவ் ஆகும் தேதிக்கு முன் புதிய கம்பெனிக்கு ஒரு வரி கோட்கூட எழுதாதீர்கள்.

பலர் மாட்டுவது வேறு இடத்தில். கடைசி வாரத்தில் கம்பெனியின் கோட் ஃபைல்களைச் சொந்த கிட்ஹப் (கோட் சேமிக்கும் தளம்) கணக்கில் ஏற்றுவது, வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புவது. கம்பெனி லேப்டாப்பில் இதெல்லாம் பதிவாகிவிடும். ரகசியக் காப்பு ஷரத்து விலகிய பிறகும் செல்லும் என்பதால் நீதிமன்றம் தடையாணை கொடுக்கலாம்.

பாண்ட் பணம், அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் கட்டுவதாக எழுதிக்கொடுத்த தொகை, தனிக் கணக்கு. 2025இல் விஜயா வங்கி வழக்கில் மூன்றாண்டு முடியும் முன்பே விலகியவர் கட்டிய 2 லட்சத்தை உச்ச நீதிமன்றம் சரி என்றது. அது பொதுத்துறை வங்கி. ஆள் எடுக்கும் செலவும் சிரமமும் எடைபோடப்பட்டன. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள், என்ன செலவானது என்று கணக்குக் கேளுங்கள்.

ராஜினாமாவை மெயிலில் கொடுங்கள். கம்பெனி மெயில் அடைபடுவதற்கு முன் ஒப்பந்த நகல், சம்பளச் சீட்டுகள், வரிப் பிடித்தச் சான்று (படிவம் 16) ஆகியவற்றை எடுத்துவையுங்கள். லேப்டாப்பைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். கடைசி நாளில் புதுத் தாள் நீட்டினால் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பழையதில் இல்லாத பொறுப்பு அதில் ஏறியிருக்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து புதிய வேலையை விடவும் வேண்டாம், பதில் போடாமல் இருக்கவும் வேண்டாம். கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் பெங்களூர் நீதிமன்றம் என்று இருந்தால் வழக்கு அங்கேதான் நடக்கும்; நீங்கள் காரைக்குடியில் இருப்பது அதை மாற்றாது.