சிங்கப்பூர் வைப்புநிதியும் கைப்பேசிக்கு வந்த இரண்டு செய்திகளும்

கேள்வி (டிசம்பர் 2025): சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 2019-இல் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அங்குள்ள வங்கியில் சுமார் 18,000 சிங்கப்பூர் டாலர் வைப்புநிதியாக இருக்கிறது. அதன் வட்டிக்கு அங்கே வரி இல்லை என்பதால் இங்கும் காட்டாமல் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தைத் தாக்கல் செய்துவந்தேன். வெளிநாட்டுச் சொத்து விவரத்தைச் சரிபார்க்கும்படி வருமான வரித் துறையின் பெயரில் குறுஞ்செய்தி வந்தது. மறுநாள், அபராதத்தைத் தவிர்க்க ஒரு செயலியை நிறுவும்படி வாட்ஸ்அப்பிலும் செய்தி வந்தது. எதை நம்புவது?
— வாசகர், வில்லிவாக்கம்

பதில்: வாட்ஸ்அப்பில் வந்தது மோசடி. செயலியை நிறுவச் சொல்லியோ, கடவுச்சொல், அட்டை எண், ஓடிபி ஆகியவற்றைக் கேட்டோ வருமான வரித் துறை செய்தி அனுப்புவதில்லை. அந்தச் செயலியை நிறுவிவிட்டிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரும் கொடுங்கள்.

குறுஞ்செய்தியை அப்படி ஒதுக்க முடியாது. வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாதவர்களுக்கு நவம்பர் 28 முதல் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பப்படும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே அறிவித்திருக்கிறது. ஆனாலும் அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், மின்தாக்கல் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே சென்று பாருங்கள். கடிதமாக ஏதேனும் வந்தால் அதில் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும்; 2019 அக்டோபர் முதல் இது கட்டாயம். அந்த எண் உண்மையானதா என்று அதே தளத்தில் சரிபார்க்கலாம்.

துறைக்கு எப்படித் தெரிந்தது என்ற ஐயம் உங்களுக்கு இருக்கும். பொது அறிக்கைத் தரநிலை என்ற பன்னாட்டு ஏற்பாட்டின்படி இந்தியா 2017 முதலும் சிங்கப்பூர் 2018 முதலும் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. கணக்கு வைத்திருப்பவரின் பெயர், முகவரி, கணக்கு எண், ஆண்டிறுதி இருப்பு, வட்டி எல்லாம் அதில் அடங்கும். இவை வரி ஒப்பந்தங்களின் இரகசியக் காப்பு விதிகளுக்கு உட்பட்டவை என்று நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் பலமுறை பதிலளித்திருப்பதால், விவரம் வெளியே கசிந்துவிடும் என்ற அச்சத்தில் மறைக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் வரி இல்லை என்பது இங்கே செல்லாது. திரும்பிவந்து இத்தனை ஆண்டுகள் ஆனதால் நீங்கள் இப்போது இந்தியாவில் வழக்கமாக வசிப்பவர். உலகில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே வரி உண்டு. அங்கே வரி கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான திருத்திய வரிக் கணக்கை, வெளிநாட்டுச் சொத்து அட்டவணை உள்ள ஐடிஆர்-2 படிவத்தில் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யுங்கள். பலரும் தடுமாறும் இடம் ஒன்று இதில் உண்டு. வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்குக் கணக்கு, 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டு. வரி கட்ட வேண்டிய வட்டிக்கோ 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. ஆகவே 2024 ஜனவரி முதல் 2025 மார்ச் வரையிலான பதினைந்து மாத வங்கி அறிக்கையை இன்றே கேட்டு வாங்குங்கள். அட்டவணையில் ஆண்டின் உச்ச இருப்பு, இறுதி இருப்பு, மொத்த வட்டி என்று தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. ரூபாய் மதிப்புக்கு ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்று வாங்கும் விகிதத்தை, அதாவது வெளிநாட்டுப் பணத்தை அந்த வங்கி வாங்கும் விலையை, பயன்படுத்த வேண்டும்.

கறுப்புப் பணச் சட்டம் 2015-இன் கீழ், சொத்தைக் காட்டாததற்கு ஆண்டொன்றுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. ஆனால் அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. வேறு வெளிநாட்டுக் கணக்கோ பங்குகளோ இல்லையென்றால் நீங்கள் அந்த வரம்புக்குள்தான் வருகிறீர்கள். விலக்கு அபராதத்துக்கு மட்டுமே. வட்டிக்கான வரியைக் கட்டியே ஆக வேண்டும். முந்தைய ஆண்டுகளை எப்படிச் சரிசெய்வது என்பதை, இந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள ஆடிட்டரிடம் நேரில் கேளுங்கள். அதைக் கடிதம் வழியாக நான் சொல்வது முறையாகாது.

வங்கி அறிக்கையை அவருக்குக் கடவுச்சொல்லிட்ட கோப்பாக அனுப்பி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் வரிக் கணக்கை மின்முறையில் உறுதிப்படுத்துவதும் அவசியம். அதற்கு வரும் ஆதார் ஓடிபியை நீங்களே தளத்தில் இடுங்கள். யார் தொலைபேசியில் கேட்டாலும் சொல்லாதீர்கள்.